வியர்த்துக் கொட்டுகிறவர் யார்?

(உத்திரமேரூர் வட்டம், மானாம்பதியில் கிராம சுகாதார செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர்கள், ஊர்ப் பொதுமக்கள் ஆகியோர் முன்னிலையில் ஓர் அவசர சிகிச்சை மருத்துவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அவசர மருத்துவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சென்னை மாநாடுகளில் இதைப் பற்றிப் பேசும்போது நோய்கள் பெயரோடு வரும். திரையில் முதலில் தலைப்பு விழும், பிறகுதான் நோயாளி வருவார். இங்கே அப்படியா? கூட்ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டோ, மகன் ஓட்டுகிற பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டோ வருகிறார்கள். "திடீர்னு வேர்த்துக் கொட்டுது டாக்டர், ஒரு மாதிரியா இருக்காரு." இவ்வளவுதான் கையில் கிடைக்கிற தகவல். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே இன்றைக்குப் பேசுகிறேன்.

அவருக்கு மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கலாம். செந்தேள் கொட்டியிருக்கலாம். வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வைத்தியமோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. ஒன்றில் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து இன்னொன்றில் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

சாதாரண நாளில் புறநோயாளிப் பிரிவில் உட்காருகிற மருத்துவர், "இது பெரும்பாலும் என்னவாக இருக்கும்?" என்று யோசிப்பார். அதில் தவறில்லை, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது சரியாகவே வரும். அவசரப் பிரிவில் இருப்பவர் கேள்வியை மாற்றிப் போட வேண்டும்: "இன்னும் ஒரு மணி நேரத்தில் இவரைக் கொல்லக்கூடியது எது? அது இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?" பெயர் தெரிந்த பிறகு வைத்தியம் என்றும் காத்திருக்க முடியாது. மூச்சு ஓடுகிறதா, நாடி எப்படி, ரத்த அழுத்தம் எவ்வளவு, கூப்பிட்டால் பதில் வருகிறதா, சர்க்கரை எவ்வளவு. இவற்றைப் பார்த்துத் தாங்க வேண்டியதைத் தாங்கிக்கொண்டே விசாரணையை நடத்த வேண்டும்.

யாரை முதலில் பார்ப்பது என்பதிலும் அப்படித்தான். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, அடிபட்டவன் தளபதியா சிப்பாயா என்று பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசை வகுத்தார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றைக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதும் அந்த வழியில் வந்ததுதான். "நாங்கதானே முன்னாடி வந்தோம்" என்று சண்டைக்கு வருகிற அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை: உங்களைக் காக்கவைக்கிறார்கள் என்றால் நிலைமை மோசமில்லை என்று அர்த்தம். கோபப்படாமல் பெஞ்சில் உட்காருங்கள்.

சரி, வியர்க்கிறவரிடம் வருவோம். முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். ஒரு நிமிடம்கூட ஆகாது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கஞ்சி குடிக்காமல் நடவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பத்து மணிக்கு வரப்பில் தள்ளாடுவார், உளறுவார், வியர்த்து ஊற்றும். பார்க்கிறவர்கள் "காலையிலேயே போட்டுட்டான்" என்பார்கள். சில சமயம் ஒரு கை, ஒரு கால் விழுந்து அசல் பக்கவாதம் மாதிரியே தோன்றும். அளவு 70-க்குக் கீழே இருந்தால், விழுங்கத் தெம்பு இருக்கிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குப் போய்விடும். அவருக்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ்தான். எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போறேன்" என்றாலும் அனுப்பிவிடாதீர்கள். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளின் வேகம் ஒரு நாள்கூட நிற்கும். ஏறின சர்க்கரை மறுபடி இறங்கும்.

சர்க்கரை சரியாக இருந்து, கை கால் விழுந்தது மட்டும் அப்படியே இருக்கிறதென்றால், அது நிஜமான பக்கவாதம். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார் என்று குறித்துக்கொண்டு, ஸ்கேன் இருக்கிற மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

அடுத்தது இதயம். நம் ஊரில் மாரடைப்பு வாயுவாகத்தான் வரும். "வாயு புடிச்சிக்கிச்சு, சோடா குடிச்சேன், ஏப்பம் வந்தா சரியாயிடும்." இதயத்தின் அடிப்பக்கச் சுவர் பாதிக்கப்பட்டால் மேல்வயிற்று வலியும் வாந்தியும் முன்னே நிற்கும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு வலியே இருக்காது, வெறும் வியர்வையும் அசதியும்தான். வயதான பெண்கள் "முதுகு பிடிச்சிருக்கு" என்பார்கள். அதனால் முப்பது வயதுக்கு மேற்பட்டவர் வியர்த்துக்கொண்டு வந்தால், வயிற்று வலி என்றாலும் சரி, பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். முதல் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால் அத்தோடு ஆளை அனுப்பிவிடுவது நம்மிடையே இருக்கிற பெரிய கோளாறு. ரத்தக் குழாய் அடைபடுகிற நேரத்தில் எடுத்த முதல் படம் பொய் சொல்லலாம். வியர்வை நிற்கவில்லையென்றால் கால் மணி நேரம் கழித்து இன்னொன்று எடுங்கள்.

2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், துணை சுகாதார நிலையங்கள் வரைக்கும் பதினான்கு மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அடோர்வாஸ்டாடின் எட்டு. மருத்துவரிடம் கேட்டுக் கொடுத்துவிட்டு ஏற்றி அனுப்ப வேண்டும். மாத்திரை போட்டதும் வலி கொஞ்சம் குறைந்தால், "நாளைக்குப் போய்க்கலாம்" என்பார்கள். அது அடைப்பை எடுக்கிற மருந்து இல்லை, வழியில் அடைப்பு பெருகாமல் பார்த்துக்கொள்கிற மருந்து. இப்படிச் சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு கோத்து நடத்தினால் என்ன பலன் என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2,420 நோயாளிகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புதிய மருந்து எதுவும் கண்டுபிடித்து வந்த பலன் இல்லை இது. யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த நோயாளி எங்கே போக வேண்டும் என்று ஒழுங்கு செய்ததில் வந்தது.

இனி, நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிற இடம். பூச்சிமருந்தும் தேளும்.

நெல் வயலில் வெற்று உடம்போடு, காற்று அடிக்கிற திசை பாராமல், முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறார் ஒருவர். தோல் வழியாகவே ஏறிவிடும். இன்னொருவர் மன வேதனையில் தானே குடித்திருப்பார். ஆர்கனோபாஸ்பேட் வகையாக இருந்தால் உடம்பிலுள்ள சுரப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். வியர்வை, எச்சில், கண்ணீர், பேதி, ஆடையிலேயே சிறுநீர். தசைகள் தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி துடிக்கும். டார்ச் அடித்தால் கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஆளைக் கொல்வது நுரையீரலில் நிறைகிற நீரும், மூச்சுத் தசைகளின் சோர்வும்தான்.

மருந்து அட்ரோபின். புதியவர்கள் தயங்குவது இங்கேதான். ஒரு ஊசியைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளி போய்விடுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முந்தைய அளவின் இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டே போக வேண்டும், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் சலசலப்பு நிற்கும்வரை. அக்குளைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்க வேண்டும். நாடி 80-க்கு மேல் வர வேண்டும். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளின் வார்டுகளில் பல்லாண்டு வேலை செய்தவர்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களில் இதுவும் ஒன்று. அதே இலங்கை இன்னொன்றையும் காட்டியது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில், 1995-இல் லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை, 2005-இல் 24 ஆனது. ஆஸ்பத்திரியில் நாங்கள் காப்பாற்றியவர்களைவிடச் சந்தையிலிருந்து அந்தக் குப்பிகளை எடுத்துவிட்டதால் பிழைத்தவர்கள் அதிகம் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வீட்டார் குடித்ததை மறைப்பார்கள். "சாப்பாடு ஒத்துக்கல." போலீஸ் கேஸ் ஆகிவிடும், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி போடுவார்கள், பெண் வாழ்க்கை போய்விடும் என்ற பயம். 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஏ.ஆர். என்பது பதிவுதான், குற்றச்சாட்டு அல்ல. செவிலியர் சகோதரிகளே, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, நோயாளியிடம் தனியாக, திட்டாமல் கேளுங்கள். குறிப்பாக எலி பேஸ்ட் விஷயத்தில். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசையைத் தின்றவர் முதல் இரண்டு நாள் நன்றாகவே நடமாடுவார். "ஒண்ணும் ஆகல" என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். மூன்றாம் நாள் கல்லீரல் விழத் தொடங்கும். அதனால் பார்க்க நன்றாக இருந்தாலும் பெரியாஸ்பத்திரிதான். பிழைத்து எழுந்தவரிடமும், அவரைப் போல் மனம் நொந்து கிடப்பவரிடமும் 104, 14416 என்ற இரண்டு எண்களையும் சொல்லுங்கள். எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

இப்போது தேள். வைக்கோல் போரில் கை விட்ட பையன், அல்லது செங்கல் அடுக்கை நகர்த்திய அம்மா. செந்தேளின் விஷம் உடம்பின் அட்ரினலின் மடையைத் திறந்துவிடும். இங்கேயும் வாந்தி, எச்சில், வியர்வை. கை கால் பனிக்கட்டி மாதிரி சில்லிட்டுப் போகும். ரத்த அழுத்தம் ஏறும், இதயம் தளரும், பிறகு நுரையீரலில் நீர் கட்டும். ஆண் குழந்தைகளுக்குக் குறி விறைத்து நிற்பது முக்கியமான அடையாளம். பெற்றோர் சொல்ல வெட்கப்படுவார்கள், நாம்தான் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற மருத்துவர், பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லாமல், கண்ணெதிரே சாகிற குழந்தைகளின் படுக்கையோரத்தில் உட்கார்ந்து கவனித்து, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இதற்கு உதவும் என்று கண்டுகொண்டார். அதன் பிறகு செந்தேள் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்முடைய ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரியான இடத்தில் இருந்து உலக மருத்துவ நூல்களை மாற்றி எழுதியவர் அவர்.

இந்தத் தேள் கடிக்கு அட்ரோபின் கொடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே தறிகெட்டு ஓடுகிற இதயத்தைச் சவுக்கால் அடித்த மாதிரிதான். வியர்வையையும் எச்சிலையும் மட்டும் பார்த்து முடிவு செய்தவர் விஷத்தோடு சேர்ந்து வேலை செய்கிறார். இரண்டையும் பிரித்துக் காட்டுவது டார்ச் வெளிச்சமும், துணியில் வருகிற மருந்து வாடையும், கூட வந்தவர் சொல்கிற கதையும்தான். அவர் காலையில் எங்கே போனார், என்ன வேலை செய்தார் என்ற விவரத்தை எந்த ஸ்கேனும் தராது. நோய் கண்டுபிடிப்பதில் சரிபாதி உங்களிடம் இருக்கிறது என்று நான் சொல்வது முகஸ்துதி இல்லை.

ஐந்தாமவரைப் பற்றிச் சுருக்கமாக. பைக்கிலிருந்து விழுந்து, "ஒண்ணுமில்ல" என்று மண்ணைத் தட்டிவிட்டுப் போனவர், சில மணி நேரம் கழித்து வெளிறிப்போய்க் குளிர்ந்த வியர்வையோடு வருவார். மண்ணீரல் கிழிந்திருக்கும். அழுத்தம் இறங்குவதற்கு முன்பே நாடி வேகமெடுக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் பணம் கட்ட வேண்டியதில்லை. பக்கத்து மேல்மருவத்தூரில் 2021 டிசம்பரில் தொடங்கி வைத்த திட்டம் அது. அதே மாதிரி வெளிறி மயங்குகிற இளம்பெண்ணுக்கு, கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்திருக்கலாம். கல்யாணம் ஆகாத பெண்தானே என்று கேட்காமல் விடுவது நாகரிகம் இல்லை. தனியாக அழைத்து மாதவிலக்கு எப்போது என்று கேட்டு, சிறுநீரில் ஒரு பரிசோதனை செய்துவிட்டால் போதும்.

வியர்க்க வேண்டியவருக்கு வியர்க்காமல் போவதும் உண்டு. மே மாத வெயிலில் செங்கல் சூளையிலோ நூறு நாள் வேலையிலோ விழுந்து, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்ப வாதம். காய்ச்சல் மாத்திரைக்கு அடங்காது. நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வந்த பிறகு குளிரவைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, வியர்வையே இல்லாமல் வருகிற ஒருவர். விடியற்காலை நாலு மணி. வயிற்று வலி, இரண்டு தடவை வாந்தி. வலிக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பத்தான் கை போகும். ஆனால் ஒரு கேள்வி: "ராத்திரி எங்கே படுத்தீங்க?" தரையில் பாய் விரித்து என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். கட்டுவிரியனின் பல் அவ்வளவு சிறியது. கடித்த இடம் வீங்காது, வலிக்காது, தடமே தெரியாமல் இருக்கலாம். ராத்திரியில் பாம்பின் பேரைச் சொல்லக் கூடாது என்று "ஏதோ பூச்சி கடிச்ச மாதிரி இருந்தது" என்பார்கள். கண்ணிமை தொங்குகிறதா, தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்க முடிகிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு முன் இருபத்தைந்து வரை எண்ணியவர் இப்போது பன்னிரண்டில் நிற்கிறார் என்றால் மூச்சுத் தசை விழுகிறது.

கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வேறு மாதிரி, ரத்தம் உறையாமல் போகும். காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், சோப்புத்தூள் போட்டுக் கழுவினதும் வேண்டாம், இரண்டும் ஏமாற்றும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. முதலில் பத்துக் குப்பி. குழந்தைக்கும் அதே பத்துதான், பாம்பு ஆளைப் பார்த்து அளந்து விஷத்தை விடுவதில்லை. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் ஊசியை ஏற்றித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயத்தாலேயே மருந்தைக் கொடுக்காமல் அனுப்பிவிடாதீர்கள்.

கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சேதப்படுத்தியிருக்கும். மடையை அடைத்து வெள்ளத்தை நிறுத்தலாம், ஏற்கெனவே சாய்ந்த பயிர் அதனால் நிமிராது. அதனால்தான் மருந்து கொடுத்த பிறகும் சிலரைப் பல நாள் வென்டிலேட்டரில் வைக்க வேண்டியிருக்கிறது. அப்போது கண்ணின் பாப்பாகூட அசையாது. மூளைச்சாவு என்று தோன்றும். ஆனால் அவருக்கு நினைவு இருக்கும், நீங்கள் பேசுவது கேட்கும். இது தெரியாமல் "எடுத்துடலாமா" என்று தலைமாட்டில் நின்று கேட்கக் கூடாது. நரம்பு முனைகள் தாமாக வளர்ந்து, ஆள் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார்.

இந்த விஷமுறிவு மருந்துக் குப்பிகளுக்கான விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனால் வடநெம்மேலி. பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால் நின்று பிழைப்பு போன இருளர்களைச் சேர்த்து 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் உருவான பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. நாட்டில் தயாராகிற விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பகுதி விஷம் அவர்கள் எடுத்துக் கொடுப்பது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு 2024-இல்தான் பாம்புக் கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது.

மேல் சிகிச்சைக்குக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ அனுப்பும்போது, சீட்டில் "ரெஃபர்டு" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, எத்தனை குப்பி போனது, எத்தனை அட்ரோபின், உறைவுப் பரிசோதனை எத்தனை மணிக்கு, கடைசியாக எந்த எண் வரைக்கும் எண்ணினார். இது இல்லையென்றால் அங்கே இருப்பவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் கை தூக்குகிறார். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் ஐயா. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவார். செத்த பாம்பின் தலையும் கடிக்கும். தூரத்தில் நின்று செல்போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டவோ, பிளேடால் கீறவோ வேண்டாம். எலும்பு முறிந்தால் எப்படிக் கட்டை வைத்து அசையாமல் வைப்பீர்களோ, அப்படிக் கொண்டுவாருங்கள்.

பூச்சிமருந்து குடித்தவருக்கு 108 ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்று செவிலியர் தங்கை ஒருவர் கேட்கிறார். சாணித் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு துணியைக் கழற்றி, தலைமுடியோடு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயில் வழிவதைத் துடைத்துக்கொண்டே இருங்கள். அந்தக் குப்பியைத் தேடி எடுத்து, மூடியை இறுக்கி, ஒரு பையில் போட்டு ஆம்புலன்ஸிலேயே ஏற்றிவிடுங்கள்.